பலகையைத் தள்ளிப் போட்டுக்கிட்டவ

என் அன்பு மகளுக்கு, அம்மா எழுதறது.

எனக்குக் கையும் காலும் முழுசா இருக்கு. ரெண்டு வேளை சாப்பிடறேன், மூணாவது வேளை தொண்டையில இறங்க மாட்டேங்குது, அவ்வளவுதான். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்க ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு தினமும் கண்ணு முழிச்சதும் நினைச்சுக்கறேன். குட்டிக்கு இருமல் விட்டுச்சா? வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்கக் குடுக்காதே, அவ உன்னை மாதிரி, நாக்கு சுட்டுட்டா அப்புறம் மூணு நாளைக்கு எதையும் வாயில வைக்க மாட்டா. நம்ம வீட்டுக் குழாய் சரியாயிடுச்சு. மாடி வீட்டுக்காரம்மா தினம் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போறாங்க, நான் உயிரோட இருக்கேனான்னு பார்க்க நீதான் சொல்லி வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும். சொன்னது சொன்னே, சத்தம் கம்மியா இருக்கிற ஆளாப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

தியான முகாம்ல சுவர் இடிஞ்சுது, ஒரு அம்மா போயிட்டாங்க, எனக்கு ஒண்ணும் ஆகல, வீட்டுக்கு வந்துட்டேன்னு அன்னிக்கு போன்ல சொன்னேன். நீ அழுதே. நல்லவேளை நீ தப்பிச்சேம்மான்னு சொன்னே. நான் சொன்னதுல பொய் இல்ல, ஆனா அது பாதிதான். மீதியை போன்ல ஆரம்பிச்சா நடுவுல நீ ஐயோ விடும்மான்னு சொல்லுவே, நானும் அதுதான் சாக்குன்னு விட்டுடுவேன். எழுத்துன்னா நீ குறுக்கே பேச முடியாது. அதனால கடைசி வரைக்கும் படி.

முகாம் நல்லாத்தான் இருந்துச்சு, அதை முதல்ல சொல்லிடறேன், நீ அனுப்பி வச்சதுல ஒரு தப்பும் இல்ல. பஸ் விட்டு இறங்கினப்பவே மலை மேல இருந்த பனியெல்லாம் உருகி ஓடை நிறையத் தண்ணி, மொட்டையா இருந்த மரத்துல எல்லாம் சின்னச் சின்னதா இளம் இலை, தேனீ சத்தம். அறுபது பேர் இருப்போம். பெரிய கூடத்துல தியானம், அப்புறம் ஆளுக்கு ஒரு வேலை. சில பேர் நாத்து நட்டாங்க, சில பேர் போர்வை துவைச்சுக் கொடியில போட்டாங்க, எனக்குக் காய் வெட்டற குழு. முதல் நாளே போனை வாங்கிப் பெட்டியில போட்டுப் பூட்டிட்டாங்க. ஏழு நாளைக்கு வாயைத் திறக்கக் கூடாது. உங்கப்பா இருந்திருந்தா அந்த இடத்தைத் தேடி வந்து கையெடுத்துக் கும்பிட்டிருப்பார், முப்பது வருஷமா அவர் கேட்டுக் கிடைக்காதது. பேச்சு மட்டும்தான் தடை, குறட்டைக்குத் தடை இல்ல, பெண்கள் தங்கின கூடத்துல அது பாட்டுக்கு நடந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா, சாப்பாட்டு நேரத்துல ஒருத்தர் வந்து என் தட்டுல சூப்பை ஊத்தி, ரொட்டியை வச்சு, தலையை லேசாக் குனிஞ்சுட்டுப் போவார். பெரிய உத்தியோகத்துல இருந்து ஓய்வு வாங்கினவராம். என் வாழ்க்கையில நான் உக்கார்ந்திருக்க இன்னொருத்தர் நின்னு பரிமாறினது அதுதான் முதல் தடவை. ரெண்டாம் நாள் எனக்கு அழுகையே வந்துச்சு.

நீ அனுப்பின விண்ணப்பத்துல தொழில்னு இருந்த இடத்துல இல்லத்தரசின்னு போட்டிருந்தே. வாசல்ல அதை வாசிச்சுச் சரிதானான்னு கேட்டாங்க. நான் சரின்னு தலையை ஆட்டினேன். உன் மேல எனக்கு வருத்தம் இல்ல, அதைக் கேட்டப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு. இருபத்தாறு வருஷம் சித்தாளா மண்ணும் கல்லும் சுமந்தவ அந்த ஏழு நாளைக்காவது வேற யாரோவா இருந்துட்டுப் போறேனேன்னு தோணிச்சு. கையை மட்டும் ஸ்வெட்டருக்குள்ள இழுத்து விட்டுக்கிட்டேன்.

காய் வெட்டற இடம் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி. அங்க ஆள் உயரத்துக்கு ஒண்ணரை மடங்கு கல்லுல தடுப்புச் சுவர், அதுக்கு மேல மேட்டுல புதுசா மண் கொட்டிப் பூந்தோட்டம் போட்டிருந்தாங்க. காலை வெயில் நேரா அந்தச் சுவர்ல விழும். குளிர் இன்னும் போகாத நேரம்ல, கல்லு சூடு ஏறி முதுகுக்கு இதமா இருக்கும், அதனால எல்லாரும் பலகையைப் போட்டு அதுல சாஞ்சுதான் உக்காருவோம். எனக்குப் பக்கத்துல ஒரு அக்கா. நீலக் கம்பளி போர்த்தியிருப்பாங்க, என்னை விட நாலஞ்சு வயசு கூட இருக்கும். முதல் நாள் அறிமுகக் கூட்டம் முடிஞ்ச பிறகுதான் வந்து சேர்ந்தாங்க, அப்புறம் பேச்சு இல்லாததால பேர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனா பேசாமலே ரொம்ப நெருங்கிட்டோம். என் கத்தி மொக்கைன்னு பார்த்து அவங்க கத்தியை எனக்குக் குடுத்துட்டு மொக்கையை அவங்க வச்சுக்கிட்டாங்க. தியானத்துல ஒருத்தர் தூங்கி விழுந்து முன்னாடி இருந்தவர் முதுகுல முட்டினப்ப எங்க ரெண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியாம வெளியே ஓடி வந்துட்டோம். சத்தம் வராம சிரிக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா, விலா எலும்பே வலிச்சுது.

ரெண்டாம் நாளே சுவரைப் பார்த்துட்டேன். வேணும்னு பார்க்கல, பழக்கம். நடுவுல வயிறு தள்ளின மாதிரி இருந்துச்சு. கீழே தண்ணி வடியறதுக்குன்னு விட்ட ஓட்டையெல்லாம் சிமென்ட் வச்சு அடைச்சுட்டு மேல வெள்ளை அடிச்சிருந்தாங்க, செம்மண் தண்ணி வடிஞ்சு வெள்ளையைக் கெடுக்குதுன்னு யாரோ செஞ்ச வேலை. மேல பனி உருகின தண்ணி முழுக்க அந்தப் புது மண்ணுல இறங்கிக்கிட்டே இருக்கு, வெளியே வர வழி இல்ல. ஓரத்துல படிக்கட்டு மாதிரி ஒரு வெடிப்பு. பழசா இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஒரு கட்டட இன்ஜினியர் வேற முகாமுக்கு வந்திருந்தார், அறிமுகக் கூட்டத்துல சொன்னார், அவரே தினம் அந்தச் சுவருக்கு முதுகைக் குடுத்துத்தான் சாப்பிடறார், அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நாலாம் நாள் மனசு கேக்கல. குளிக்கற சோப்புல ஒரு துண்டு கிள்ளி அந்த வெடிப்பு மேல ரெண்டு பக்கமும் ஒட்டற மாதிரி அழுத்தித் தேய்ச்சு வச்சேன். சுவர் நகராம இருந்தா சோப்பு அப்படியே காயும். அஞ்சாம் நாள் காலைல போய்ப் பார்த்தேன். சோப்பு ரெண்டா விட்டிருந்துச்சு, நடுவுல என் நகம் நுழையற அளவுக்கு இடைவெளி.

இதுக்கு மேல எழுதத்தான் கை வர மாட்டேங்குது. தெரியாம இருந்துட்டேன்னு இனிமே சொல்ல முடியாது, அன்னிக்குக் காலைல எனக்குத் தெரியும். பேசத்தான் கூடாது, அவசரம்னா சீட்டு எழுதிப் பெட்டியில போடலாம்னு சொல்லியிருந்தாங்க. நான் எழுதினேன். கொட்டகைக்குப் பின்னாடி சுவர் நகருது, அங்க யாரையும் உக்கார விடாதீங்கன்னு எழுதி, தேதியும் போட்டு, மடிச்சு, பெட்டி வரைக்கும் போனேன். போனதும் உங்களுக்கு எப்படிம்மா தெரியும்னு கேட்பாங்களேன்னு தோணிச்சு. கேட்டா சொல்லணும். சொன்னா, அந்தப் பெரிய மனுஷர் மறுநாள் எனக்குத் தலை குனிஞ்சு சூப் ஊத்துவாரா? அப்படியே நீங்களே பார்த்துச் சரி பண்ணிடுங்களேன்னு என் கையில மண்வெட்டியைக் குடுத்துட்டா? அதுக்கு முந்தின நாள்தான் பேசிட்டார்னு ஒருத்தரைப் பையைக் கட்டி அனுப்பிட்டாங்க, அந்தப் பயமும் இருந்துச்சு, ஆனா அது பெரிசில்ல. வெக்கம்தான் பெரிசு. ஏழாம் நாள் மத்தியானம் மௌனம் முடியும், அப்ப யார்கிட்டயாவது பொதுவா சொல்லிடலாம், ரெண்டு நாள்தானேன்னு சீட்டை ஸ்வெட்டர் பையில போட்டுக்கிட்டுத் திரும்பிட்டேன்.

திரும்பி வந்து என்ன பண்ணேன் தெரியுமா. என் பலகையை எடுத்துச் சுவரை விட்டுத் தள்ளி, எதிர்ப்பக்கம் நிழல்ல போட்டுக்கிட்டேன். என் பலகையை மட்டும். அந்த அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க. ஏன் குளிர்ல போய் உக்கார்றேங்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினாங்க. அப்புறம் அவங்களே திரும்பிச் சுவரைப் பார்த்தாங்க, நான் அதைத் தடவித் தடவிப் பார்த்ததை ரெண்டு மூணு நாளா கவனிச்சிருக்காங்க போல. சுவரைக் கையால காட்டி, என்னன்னு கேட்டாங்க. நான் தலையை ஆட்டி, கையை விரிச்சு, ஒண்ணுமில்லன்னு காட்டினேன். சிரிச்சேன் வேற. அவங்களும் சிரிச்சுட்டு வெயில்லயே உக்கார்ந்துட்டாங்க.

ஆறாம் நாள் காலைல, வெட்ட ஆரம்பிச்சுக் கால் மணி நேரம் கூட இருக்காது, முதல்ல பொடிக்கல்லு நாலு உதிர்ந்துச்சு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஓடுங்கன்னு கத்தினேன். ஆறு நாளா யாரும் பேசாத இடம்மா அது, கத்தினதும் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாங்க, சுவரைப் பார்க்கல. அந்த ஒரு நொடியிலதான் மொத்தமும் வந்துச்சு. மூணு பேர் மாட்டினாங்க. ஒருத்தருக்குக் கால் முறிஞ்சுது, ஒரு பொண்ணுக்குத் தோள்பட்டை. அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே பூராவும் கல்லும் ஈர மண்ணும். ஆளாளுக்கு ஓடி வந்து மேல இருந்த கல்லைப் பிடுங்கப் போனாங்க, அதை எடுத்தா மேட்டுல மிச்சம் இருக்கிற மண்ணும் சரிஞ்சு வரும். நான் குறுக்கே நின்னு, மேல கை வைக்காதே, பக்கவாட்டுல இருந்து எடு, அந்தப் பலகைகளைக் கொண்டு வந்து முட்டுக் குடுன்னு அதட்டினேன். அந்தப் பெரிய மனுஷர், இன்ஜினியர், தியானம் சொல்லிக் குடுத்த ஆசிரியர் எல்லாரும் நான் சொன்ன சொன்ன கல்லைத் தூக்கினாங்க. உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு ஒருத்தரும் கேட்கல.

தலைமாட்டுல உக்கார்ந்து அக்கா முகத்துல இருந்த மண்ணைத் துடைச்சேன். அப்பதான் அவங்க பேசினாங்க. முதல் தடவையா அவங்க குரலைக் கேக்கறேன், கரகரன்னு, ஆம்பிளைக் குரல் மாதிரி கனமா இருந்துச்சு, அவங்க முகத்துக்குச் சம்பந்தமே இல்லாம. கத்தி எங்கேன்னு கேட்டாங்க. மண்ணுக்குள்ள கிடக்கும், யாராவது வெறுங்காலோட மிதிச்சிடப் போறாங்க, பார்த்து எடுங்கன்னாங்க. எடுத்துட்டேன் அக்கான்னேன், எடுக்கல. அப்புறம் குளிருதுன்னாங்க. நீலக் கம்பளி மண்ணுக்கு அடியில போயிடுச்சு, என் ஸ்வெட்டரைக் கழட்டிப் போர்த்தினேன். என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஆம்புலன்ஸ் மலை ஏறி வந்து சேரறதுக்குள்ள போயிட்டாங்க.

மத்தியானம் எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டு, போனவங்களுக்காகப் பத்து நிமிஷம் மௌனமா இருப்போம்னு ஆசிரியர் சொன்னார். நான் எந்திரிச்சு வெளியே வந்துட்டேன். செருப்பு விடற இடத்துக்கு முகாம் பொறுப்பாளர் பின்னாடியே வந்தார். அம்மா, நீங்க அந்தச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தீங்க, முன்னாடியே தெரியும்னு பேச்சு அடிபடுது, விசாரணையில அதைச் சொன்னீங்கன்னா அப்ப ஏன் சொல்லலன்னு உங்களைத்தான் முதல்ல கேட்பாங்க, உங்க மனநிம்மதிக்காகச் சொல்றேன்னார். அவர் தன்னைக் காப்பாத்திக்கத்தான் சொன்னார், ஆனா சொன்னது அவ்வளவும் உண்மை, அதுதான் எனக்குத் தாங்கல. விசாரணை அதிகாரி மறுநாள் கேட்டார். தொழில் என்னன்னார், சித்தாள்னேன். சோப்பு, அடைச்ச ஓட்டை எல்லாம் சொல்லி, ஆம்புலன்ஸ்காரங்க திருப்பிக் குடுத்துட்டுப் போன ஸ்வெட்டர் பையில இருந்த சீட்டையும் குடுத்தேன். அவர் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏன் போடலன்னு கேட்டார். வெக்கமா இருந்துச்சுன்னேன். அதை அப்படியே எழுதிக்கவான்னார். எழுதிக்கோங்கன்னேன். இப்ப முகாமைப் பூட்டிட்டாங்க, ஓட்டையை அடைக்கச் சொன்னது பொறுப்பாளர்தான்னு தெரிஞ்சு அவர் மேல கேஸ் போட்டிருக்காங்க. என் மேல கேஸ் எதுவும் இல்ல. பேப்பர்ல கட்டடத் தொழிலாளி ஒருத்தர் சாட்சி சொன்னார்னு வந்திருக்காம். உன் மாமியார் வீட்டுப் பக்கம் யாராவது பார்த்து விசாரிச்சா, ஆமா எங்கம்மாதான்னு சொல்லிடு. மாப்பிள்ளைகிட்ட நீயே முதல்ல சொல்லு.

ஆனா பலகையைத் தள்ளிப் போட்டதையும் தலையை ஆட்டினதையும் அதிகாரிகிட்டச் சொல்லல. அவர் கேக்கல, நானும் சொல்லல. அது எழுதி வச்சுக்கற விஷயம் இல்ல, கேக்க வேண்டியவங்க வேறன்னு தோணிச்சு. போன வாரம் விலாசம் வாங்கிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். ரெண்டு பஸ் மாறணும். தெருக்கோடியில சின்ன வீடு, அவங்க வீட்டுக்காரர் டெய்லர், முன் ரூம்லயே மெஷின் போட்டிருக்கார். நான் போனப்ப தைச்சுக்கிட்டு இருந்தார். முகாம்ல கூட இருந்தேன்னு சொன்னதும் உக்காரச் சொன்னார். முதல்ல அவர் கேட்டது, பேசினாளான்னுதான். கத்தியைப் பத்திச் சொன்னதைச் சொன்னேன். ஆமா, அவ அப்படித்தான், பிளேடைக் கூடப் பேப்பர்ல சுத்தித்தான் குப்பையில போடுவான்னார். அப்படிச் சொல்லும்போது முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு, அதோட கிளம்பி வந்திருக்கலாம். கும்பிட்டு அனுப்பியிருப்பார். நான் மீதியைச் சொன்னேன். சோப்புல ஆரம்பிச்சு, என்னன்னு அவங்க கேட்டது, ஒண்ணுமில்லன்னு நான் சிரிச்சது வரைக்கும், இப்ப உனக்கு எழுதின மாதிரியே எதையும் விடாம.

அவர் நான் பேசப் பேசத் தைச்சுக்கிட்டே இருந்தார். நான் முடிச்சப்பதான் பார்த்தேன், ஊசியில நூல் இல்ல, எப்ப அறுந்துச்சோ, வெறும் துணிதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. மெஷினை நிறுத்திட்டு, நீங்க கையைக் காட்டி எந்திரிக்கச் சொல்லியிருந்தா எந்திரிச்சிருப்பாளான்னு கேட்டார். உடனே எந்திரிச்சிருப்பாங்கன்னேன். அப்ப இதை எதுக்கு இங்க கொண்டு வந்தீங்க, தூக்க முடியலன்னு என்கிட்ட இறக்கி வைக்க வந்தீங்களான்னார். குரலை உசத்தல. மன்னிப்புக் கேக்கலாம்னு மனசுல நினைச்சு வச்சிருந்ததெல்லாம் வாய்க்கு வரவே இல்ல. போங்கன்னார். எந்திரிச்சு வந்துட்டேன். தெரு முனை வரைக்கும் வந்த பிறகு பின்னாடியே வந்து கூப்பிட்டார், செருப்புக் கூடப் போடாம. பெரியவன் வெளியூர்ல இருக்கான், இருபதாம் தேதி வர்றான், எங்கம்மா எப்படிச் செத்தான்னு அவன் என்னைத்தான் கேட்பான், இதையெல்லாம் என்னால அவன்கிட்டச் சொல்ல முடியாது, நீங்களே வந்து உங்க வாயால சொல்லணும்னார். வர்றேன்னேன். வராம இருந்துடாதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னார்.

அதனால இருபதாம் தேதி போறேன். அவனுக்கு உன் வயசுதான் இருக்கும்னு நினைக்கிறேன். அவன் என்ன சொல்லுவான்னு தெரியல, அடிச்சாலும் வாங்கிக்கணும். நீ கிளம்பி வராதே, குட்டியை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். துணைக்கு ஆள் அனுப்பறேன்னும் சொல்லாதே. இன்னொண்ணு, உன் மேல தப்பு இல்லம்மான்னு மட்டும் சொல்லிடாதே. மாடி வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க, அந்தப் பெரிய மனுஷர் வீடு தேடி வந்து சொல்லிட்டார், அந்த வார்த்தையைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அக்கா புருவத்தைத் தூக்கறது தெரியுது. விண்ணப்பத்துல நீ எழுதினதாலதான் இப்படின்னும் நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. நீ என்ன எழுதியிருந்தாலும் வாய் என்னோடதுதானே.

நீயும் மாப்பிள்ளையும் மனசு ஒத்து, நோய் நொடி இல்லாம, தீர்க்க ஆயுசோட இருக்கணும். குட்டி நல்லாப் படிச்சு, நல்லா வளர்ந்து, கேட்டதுக்கு நேராப் பதில் சொல்ற பொண்ணா வரணும். அவ கன்னத்துல எனக்காக ஒரு முத்தம். குளிர் போயிடுச்சுன்னு அவ காதுக்குல்லாயை அதுக்குள்ள கழட்டிடாதே, காலைக் காத்து இன்னும் ஆகாது.

இந்தக் கடுதாசி இருபதாம் தேதிக்குள்ள உனக்குக் கிடைச்சுடும். எனக்குக் காலைல பத்து மணிக்கு பஸ். அன்னிக்கு மட்டும் போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டா பாதி வழியில இறங்கித் திரும்பி வந்துடுவேன். மறுநாள் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா